மரு உதிர்க்கும் மிளகு சாமி

எண்பத்தாறில் செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வந்தவர்களைவிட மிளகு சாமியைப் பார்க்க வந்தவர்களே அதிகம். பனமலையிலிருந்து, மேல்சித்தாமூரிலிருந்து, பஸ் கூரைமேலெல்லாம் பக்தர்கள்! ஆளுக்கொரு மரு. உப்பும் மிளகும் கட்டிய பொட்டலத்தை மருவில் தடவச் சொல்லித் தருவார் சாமி. குளத்தில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். சில மாதத்தில் மரு உதிர்ந்தால் சாமியின் மகிமை. உதிராவிட்டால் நீ திரும்பிப் பார்த்திருக்கிறாய். எவ்வளவு வசதியான அருள்!

என் அக்கா சுந்தராம்பாளின் விரல் மரு அப்படித்தான் உதிர்ந்தது. அடுத்து அவள் மார்பில் கட்டி. புற்று, உடனே ஆபரேஷன் என்றார் புதுச்சேரி டாக்டர். அக்கா சாமியிடம் ஓடினாள், பெரிய பொட்டலமாக வாங்க. தடுக்க வேண்டிய நானும் கூடவே ஓடினேன். கத்தியைவிட மிளகு சிறியது. பயந்த மனசுக்குள் சுலபமாக நுழைந்துவிடுகிறது.

என் தோழி ஹபீபுன்னிசாவும் வந்தாள். பள்ளியில் விலங்கியல் டீச்சர். அவள் கட்டைவிரல் மருவுக்கும் அக்காதான் போன வருஷம் பொட்டலம் வாங்கித் தந்திருந்தாள்.

"சாமி, என் மரு போயிடுச்சு!" என்று விரலை உயர்த்தினாள்.

"பார்த்தீங்களா!" சாமி கர்ஜித்தார். "குளத்துல வீசிட்டுத் திரும்பிப் பார்க்காம நடந்த பொண்ணு. என் ஞானக்கண்ணுல தெரியுது!"

"வீசவே இல்லியே சாமி. அன்னிக்கு வீட்ல மிளகு தீந்துபோச்சு. ரசத்துல போட்டுட்டேன்."

கூட்டம் திகைத்தது. "ரசம் எப்டிமா இருந்துச்சு?" என்றது ஒரு குரல். சிரிப்பு கோட்டையின் ராஜகிரி மலை வரை ஏறி இறங்கியது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ இன்னா பண்ணி மரு போச்சு?"

"மருன்னா கிருமி பூந்த செல்லு, அக்கா. ரத்தத்துல இருக்கிற வெள்ளையணு தேடி வந்து ஒட்டிக்கும். ஓட்டை போட்டு உள்ள விஷத்தை விடும். அந்த செல்லு செத்துடும். உன் விரல்ல நடந்ததும் அதான்."

"அதுங்களே இந்தக் கட்டியையும் கொல்லாதா?"

"புற்று செல்லையும் கொல்லும்தான். ஆனா சிலது வேஷம் போட்டுத் தப்பிச்சுப் பெருகிடும். அப்டி தப்பிச்சதுதான் உன் கட்டி. அதுக்கு டாக்டர் வேணும், இன்னிக்கே."

"நாத்திகம் பேசாதே!" சாமி எழுந்து, கழுத்தை மூடியிருந்த துண்டை உதறினார். அந்த வேகத்தில் பின்கழுத்து தெரிந்தது. மிளகு மிளகாக மருக்கள்!

அக்கா அவற்றையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சாமி, நீங்க திரும்பிப் பார்த்துட்டீங்களா?"

சாமி திண்டிவனம் பஸ்ஸை நோக்கி ஓடினார். இந்த முறை திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்கா அதற்குள் வாங்கியிருந்த பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் எனக்கு ரசம் வை." புதுச்சேரி பஸ்ஸில் முதலில் ஏறியவள் அவள்தான்.

திரும்பிப் பார்க்காதே என்று எவராவது சொன்னால், முதல் வேலையாகத் திரும்பி அவர் கழுத்தைப் பாருங்கள்.