சாரணர் பதிவேடும் தங்கள் தங்கையும்

சிடாம் கிரி எஸ்டேட்,
9-5-1943.

பாலிங்கில் குடும்ப சமேதராக நலம் வாழும் மச்சான் அழகேசன் அவர்களுக்கு, எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி பழனியாண்டி மிக்க பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் சுகம், மரவள்ளிக்கிழங்கு சுகம், அரிசி இல்லை. இதைத் தபாலில் போடப் பயந்து கருவாட்டு வண்டிக்காரர் பிச்சையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மச்சான், தங்கள் தங்கை மருதம்மாள் பேரில் ஒரு புகார். நம் சாரணர் மாவட்டத்துக்குத் தாங்கள் கமிஷனர், நான் செயலாளர். சண்டைக்கு முன்பு தாங்கள் வருஷத்துக்கு ஒரு முறை வந்து அணிவகுப்பைப் பார்வையிட்டு, கோழிக்கறி சாப்பிட்டுப் போவீர்கள், மற்றதெல்லாம் நான். சிடாம் கிரி, கோத்தா கோலா மூடா, பாலிங் என்று மூன்று படை, படைக்கு இரண்டு அணி, அணிக்கு எட்டுப் பேர், அதில் ஒருவன் தலைவன். அவசரச் செய்தி வந்தால் தலைவன் மற்ற ஏழு பேருக்கும் சொல்ல வேண்டும் என்று பதினான்காம் சுற்றறிக்கையில் எழுதினேன், ஒருவனும் செய்ததில்லை. நாற்பத்தெட்டுப் பேரின் பெயர், வயது, உயரம், நெஞ்சளவு எல்லாம் சிவப்பு மையில் ஒரே பதிவேட்டில். ஜப்பான்காரன் சாரணர் கூடாது என்று தடை போட்ட பிறகும் அதை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றினேன், பானைதான் காலியாக இருந்ததே.

போன புதன்கிழமை மத்தியானம் ஒரு லாரி வந்தது. இறங்கிய அதிகாரி, வாலிபர்கள் பெயர் எழுதிய புத்தகம் என்னிடம் இருக்கிறதாமே என்று மலாயில் கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், பயத்துக்கு முன்னால் பெருமைதான் வந்தது. பத்து வருஷத்தில் அந்தப் பதிவேட்டைக் கேட்ட முதல் மனிதர் அவர். இதோ துவான் என்று சமையற்கட்டுக்கு ஓடினால், மருதம்மாள் அடுப்பு முன் உட்கார்ந்து கடைசி ஏட்டைத் தீயில் வைக்கிறாள். மிச்சம் அட்டை மட்டும்.

"சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடிக்க வந்திருக்கான். நீங்க அளவெடுத்துல்ல எழுதி வெச்சிருக்கீங்க. எங்கண்ணன் மகனும் அதுல இருக்கான்," என்றாள்.

தங்கள் மகன் தர்மலிங்கத்துக்கு நெஞ்சளவு முப்பத்திரண்டு அங்குலம், மச்சான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன, பத்து வருஷ எழுத்து! தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அதிகாரி உள்ளே வந்து கன்னத்தில் ஒன்று வைத்தார், அதற்கும் சேர்த்து அழுதேன். அவளைக் கேட்டதற்கு, விறகு ஈரம், எரிக்க வேறொன்றும் இல்லை என்று நிதானமாக மலாயில் சொன்னாள். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்படி அழுகிறவன் எதையும் ஒளித்திருக்க மாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, வெந்த கிழங்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தொழிலாளர் குடியிருப்பை லயம் லயமாகத் தேடிய சிப்பாய்களுக்கும் ஒரு பையன் அகப்படவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. பாலத்தில் லாரிச் சத்தம் கேட்டதுமே இவள் குழாயடியில் நின்ற இரண்டு அணித்தலைவர்களிடம் சொல்ல, அவர்கள் ஆளுக்கு ஏழு பேருக்குச் சொல்ல, கால்மணி நேரத்தில் பதினாறு பேரும் காட்டுக்குள் போய்விட்டார்கள். செயலாளராகிய எனக்கு ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா கூட்டம் போடுவீங்க," என்கிறாள்.

பதிவேடு இல்லாத மாவட்டம் ஒரு மாவட்டமா? ஆகவே என் பதவியை ராஜினாமா செய்கிறேன். கமிஷனர் என்ற முறையிலும் அண்ணன் என்ற முறையிலும் தாங்கள் அவளைக் கண்டித்து நாலு வரி எழுத வேண்டும். தர்மலிங்கத்தை ரோட்டுப் பக்கம் விடாதீர்கள். அக்காவுக்கு எங்கள் அன்பு. எல்லாரும் வயிறார உண்டு நூறு வயது இருக்க முருகன் துணை நிற்பானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
பழனியாண்டி

பி.கு. (12-5-1943, பிச்சையின் வண்டி இன்னும் வரவில்லை): மேலே எழுதியதை ரத்து செய்யவும். காட்டிலிருந்து திரும்பிய பையன்கள் நேற்று எங்கள் சமையற்கட்டில் கூடினார்கள். தாங்கள் கமிஷனர் பதவியிலிருந்து ஏகமனதாக நீக்கப்பட்டு, மருதம்மாள் நியமிக்கப்பட்டிருக்கிறாள். என் ராஜினாமாவை அவள் ஏற்கவில்லை. முறைப்படி எழுந்து நின்று சல்யூட் வைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே இடது கையால் திருப்பி வைத்தாள். வலது கை என்றுதான் விதி. நான் திருத்தவில்லை.