பத்து டாலர் பழைய கடிகாரம்

இனிமேல் மனைவிக்கு வாங்கும் பொருளுக்குப் பேரம் பேசுவதில்லை என்று ஒரு சபதம் எடுத்தேன். எடுத்த இடம், டாக்டரின் பரிசோதனைக் கட்டில்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று போயிருந்தேன். அந்த கிளினிக்கில் என் மனைவிதான் நர்ஸ். என் மணிக்கட்டைப் பிடித்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணினாள். முகம் மாறியது.

"டாக்டர், நூத்தி இருபது!"

எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, என் கடையை யார் தலையில் கட்டுவது என்று யோசித்தேன். டாக்டர் தன் கடிகாரத்தைப் பார்த்து மறுபடி எண்ணினார்.

"எழுபத்தெட்டு. சிஸ்டர், பேஷண்டுக்கு ஒண்ணுமில்ல. உங்க வாட்ச்சுக்குத்தான் குளுக்கோஸ் ஏத்தணும். எங்க வாங்கினீங்க இதை?"

"இவர்தான் வாங்கிக் குடுத்தார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். திரைக்கு வெளியே காத்திருந்த ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி, ஊசி மருந்துப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஏதோ அவள் திருடிக்கொண்டு வந்த மாதிரி.

திருடன் நான்தான். அந்தக் கடிகாரம் நடைபாதையில் வாங்கியது. ஐந்நூறு சொன்னவனை நூற்றுக்கு இறக்கி, கூடவே ஒரு பேட்டரியும் சீப்பும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பதினாலு வயதில் தோளில் இரும்புக் குழாய் சுமந்தவன் நான். இன்று சொந்தமாகக் குழாய்க் கடை வைத்திருக்கிறேன். சொன்ன விலையைக் கொடுப்பவன் மடையன் என்பது ஒன்றுதான் என் படிப்பு. விற்கிறவன் கண் கலங்கினால் எனக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

அந்த வாரம் தூக்கம் வரவில்லை.

அவள் போனில் நான் மின்கட்டண ரசீதைத் தேடியபோது ஒரு படம் கண்ணில் பட்டது. ஒரு கைக்கடிகாரம். வெள்ளை முகம், பெரிய எண்கள், ரத்தச் சிவப்பில் விநாடி முள். போன வருடமே சேமித்து வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் நான் எந்த நடைபாதைக்குப் போவேன் என்பது அவளுக்குத் தெரியாதா?

அதை விற்பது வெளிநாட்டுக் கடை. நம் ஊருக்கு அனுப்ப மாட்டானாம். பக்கத்தில் மின்சாமான் கடை வைத்திருப்பவரிடம் புலம்பினேன்.

"அண்ணே, மறந்துட்டீங்களா? போன வருஷம் குழாய் வெட்டுற மெஷின் வரவழைச்சோமே! அந்தப் பார்சல் கம்பெனிக்காரன் அந்த நாட்டுல உங்களுக்கு ஒரு விலாசம் தருவான். கடைக்காரன் அங்க அனுப்புவான், இவன் பிரிச்சுக் கட்டி இங்க அனுப்புவான்."

"அதுவரைக்கும் நான் அந்த ஊர்க்காரனா?"

"நீங்க இல்லண்ணே. உங்க பார்சல்."

"முதல் பார்சலுக்குப் பாதிக் கட்டணம்னு அப்ப போட்டானே?"

"அது முதல் பார்சலுக்கு. நீங்கதான் ஏற்கெனவே ஒண்ணு வாங்கிட்டீங்களே."

நான் வாங்கிவிட்டேன், சரி. என் மனைவி வாங்கவில்லையே! அவள் பெயரில், அவள் போன் நம்பரில் ஒரு புதுக் கணக்கு தொடங்கினேன். சரிபார்ப்பு எண் அவள் போனுக்கு வந்தது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துப் போட்டுவிட்டு, அந்தச் செய்தியை அழித்தும் விட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கடிகாரத்துக்கு ஒரு பைசா பேரம் பேசவில்லை. போட்டிருந்த விலையை அப்படியே கட்டினேன். சபதம் சபதம்தான். ஆனால் அந்தச் சபதம் கடிகாரத்துக்கு மட்டும்தானே? அதைச் சுற்றி வருகிற செலவுக்கெல்லாம் யார் சபதம் எடுத்தார்கள்?

பார்சல் கம்பெனி கேட்டது: பெட்டியோடு அனுப்பவா, எடுத்துவிடவா? எடு. உள்பெட்டி? எடு. பில், உத்தரவாதச் சீட்டு? எல்லாவற்றையும் எடு. பெட்டியையா மணிக்கட்டில் கட்டப் போகிறாள்? கணக்கிலேயே சுங்கத்துக்கு நிரப்பும் படிவத்தில் என்ன பொருள் என்று கேட்டிருந்தது. 'பழைய கடிகாரம், மதிப்பு பத்து டாலர்' என்று எழுதினேன். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தவன் என்று சொல்வார்களே, அவன் எனக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் கட்டணத் தொகை வந்தது. பார்த்ததும் ரத்தம் கொதித்தது. கம்பெனிக்கே போன் போட்டேன்.

"ஏம்மா, நான் வாங்கினது கைக்கடிகாரமா, மணிக்கூண்டா?"

"பார்சலோட அளவுக்குத்தான் சார் கட்டணம். பெரிய பெட்டி."

"பெட்டியத்தான் தூக்கிப் போடச் சொன்னேனே!"

"கணக்குல கடைசியா இருக்கிற குறிப்புப்படிதான் சார் கட்டியிருக்கோம்."

"குறிப்பு எழுதினவனே நான்தான்! எனக்கே கதை சொல்றியா?"

கத்தினேன். அந்தப் பெண் பொறுமையாக அதையே மறுபடி சொன்னாள். ஏமாற்றுக் கும்பல் என்று முடிவு கட்டி, பணத்தையும் கட்டித் தொலைத்தேன். கணக்கைத் திறந்து அந்தக் குறிப்பைப் படித்திருக்கலாம். கோபம் வந்தால் எனக்குப் படிக்க வராது.

அடுத்து சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம். 'பெறுநர் அடையாள அட்டையுடன் நேரில் வந்து, வரி செலுத்திப் பெற்றுக்கொள்ளவும்.'

பெறுநர் யார்? என் மனைவி!

"உன் பேர்ல கடைக்கு ஒரு சாமான் வரவழைச்சேன். வந்து ஒரு கையெழுத்துப் போடணும்."

"என்ன சாமான்?"

"வால்வு."

"சரிங்க," என்றாள். அவ்வளவுதான். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சுங்க அலுவலகம். நீளமான மேசை. எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசை. அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"உள்ள என்ன இருக்கு?"

இவரிடம் வால்வு என்று சொல்ல முடியாது. பிரித்துப் பார்ப்பார். குனிந்து மெதுவாகச் சொன்னேன். "பழைய வாட்ச் சார்."

"வால்வுன்னீங்க?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு."

"புது வாட்ச் இல்லையா?" என்றார் அதிகாரி.

"புதுசா! ஓடுமான்னே தெரியாது சார். சரியான குப்பை."

"யார் அனுப்பினது?"

"இவளோட சித்தி."

"எனக்குச் சித்தியா?"

"தூரத்துச் சித்தி."

"எவ்வளவு தூரம்?"

"வெளிநாட்டுத் தூரம்! பேசாம இரேன்."

அதிகாரி ஒரு தாளை எடுத்து, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "மதிப்பு?"

"பத்து டாலர். அதுவே ஜாஸ்தி. எட்டுன்னு போட்டுக்குங்க சார்."

"ஏம்மா, பெறுநர் நீங்கதானே? இவர் சொல்றது சரியா?"

"அவர் சொல்லி முடிக்கட்டும் சார்."

பேரத்தில் எனக்கு வேகம் பிடித்துவிட்டால் அப்புறம் நிறுத்தத் தெரியாது. "இதுக்குப் போய் வரி கேக்கறீங்களே சார்! நல்ல வாட்ச்சா இருந்தா இவளுக்கா வரும்? இவ எதைக் குடுத்தாலும் கட்டிக்குவா. இவளுக்கு இது போதும் சார்."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவள் வெறும் மணிக்கட்டை மற்றொரு கையால் மூடிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க என்ன விலை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன், பேரமே பேசாமல்.

அதிகாரி தாளை என் பக்கம் திருப்பினார். "இதுல புது வாட்ச்னு இருக்கு. முழு விலையும் இருக்கு. பில்லும் இணைச்சிருக்கு."

"இருக்காது சார்! பழசு, பத்து டாலர்னு என் கையால எழுதினேன்."

"அதை அப்புறம் திருத்தியிருக்கு. இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். பொய்யா எழுதிட்டு வந்து உண்மைன்னு சத்தியம் பண்றவங்களைப் பாத்திருக்கேன். தாள்ல உண்மை இருக்கும்போது நேர்ல வந்து பொய் சொல்றவர் நீங்கதான் முதல் ஆள்."

வரிசை முழுக்கச் சிரித்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது குதித்து ஓட ஒரு குளம் இருக்கும். எனக்கு முன்னால் மேசை, பின்னால் பத்துப் பேர்.

அதிகாரி கட்டைப் பிரித்தார். நான் தூக்கிப் போடச் சொன்ன எல்லாம் வெளியே வந்தது. நீலப் பெட்டி, அதற்குள் வெல்வெட் பெட்டி, உத்தரவாதச் சீட்டு, பில். நடுவில், சிவப்பு விநாடி முள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி கைப்பையைத் திறந்து வரிப்பணத்தை எடுத்து வைத்தாள். சில்லறை உட்பட சரியாக எண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

"ரசீது குடுங்க சார்."

வெளியே படியில் இறங்கும்போது கேட்டேன். "நீயா மாத்தினே?"

"என் பேர்ல, என் நம்பர்ல கணக்கு ஆரம்பிச்சா எனக்குத்தானே மெசேஜ் வரும்? நீங்க முதல் மெசேஜை மட்டும் அழிச்சீங்க. அப்புறம் பதினோரு மெசேஜ் வந்தது."

"பெட்டியை எதுக்கு..."

"பெட்டி இல்ல, பில் இல்ல, பழசுன்னு எழுதி ஒரு வாட்ச் வந்தா, அதை நீங்க புதுசா வாங்கினீங்கன்னு டாக்டர் நம்புவாரா? அவரை விடுங்க. நானே நம்புவேனா?"

நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"உள்ள நான் உளறும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தடவையாவது, 'இது என் பெண்டாட்டிக்கு நான் ஆசையா வாங்கினது'ன்னு சொல்லுவீங்களான்னு பாத்தேன்." பெட்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்தாள். "கடைசியில எங்க சித்தி வாங்கினதாப் போச்சு."

"தப்புத்தான். மன்னிச்சுடு," என்றேன். இதில் குறைக்க ஒன்றும் இல்லை. அடக்க விலை.

அவள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். கையை நீட்டித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அந்தப் படியிலேயே, போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, என் கையைப் பிடித்தாள். கல்யாணமான புதிதில் பிடித்தது! மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சிவப்பு முள்ளைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். முழுசாக ஒரு நிமிஷம்.

"நூத்தி இருபது," என்றாள். "இந்தத் தடவை வாட்ச் மேல பழி போட முடியாது."