ஆந்தை கூட்டத்து மாப்பிள்ளை

இந்த வீட்டில் ஒரு முடிவையாவது நான் எடுப்பது என்று தீர்மானித்தேன். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் முதல் தீர்மானம். அதற்கே ஒரு பொய் தேவைப்பட்டது.

எங்கள் ஒரே மகள் தீபிகாவுக்கு மனைவி கமலவேணி வரன் பார்த்திருந்தாள். குமாரபாளையம் விசைத்தறிக்காரர் குமாரசாமியின் மகன் ஜெயபிரகாஷ். தங்கமான பையன். குறை ஒன்றுதான். எங்கள் புதுச்சத்திரத்திலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். மகளைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. ராசிபுரத்தில் என் சிநேகிதன் நெய்க்கடை பூபதிக்கும் ஒரு பையன் உண்டு, அறிவழகன். ராசிபுரம் என்றால் காலைக் காபிக்கே போய்விட்டு வரலாம்.

எங்கள் குலப்பெயர் ஆந்தை கூட்டம். டாக்டர், போர் போடும் ரிக் வண்டிக்காரர், கோழிப்பண்ணைக்காரர் என்று ஊருக்கு ஊர் ஆந்தைகள் உண்டு. முகம் தெரியாவிட்டாலும் அத்தனை பேரும் பங்காளி. பங்காளி பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது. எனக்கு அது போதாதா?

"கமலா, நல்ல வேளை, இப்பவாவது தெரிஞ்சுது! குமாரசாமியும் நம்ம ஆந்தை கூட்டமாம்!"

"அப்படீங்களா?"

"பின்னே? தீபிகாவுக்கு அந்தப் பையன் அண்ணன் முறை ஆவுது."

"அப்ப வேண்டாமுங்க. உட்டுருங்க."

ஒரு பேச்சை அவள் இவ்வளவு சீக்கிரம் விட்டதே இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். என் நாக்கு நின்றால்தானே!

"நம்ம பூபதி பையன் இருக்கான்ல..."

"பூபதியண்ணன் என்ன கூட்டமுங்க?"

"என்னமோ. முப்பது வருஷமா மச்சான்னுதான் கூப்பிடறேன்."

அலமாரியிலிருந்து எங்கள் குலக்கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழை எடுத்து வந்தாள். அன்னதானம் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துவிட்டு நான் மடித்து வைத்தது. உள்ளே ஊர் வாரியாகப் பங்காளிகள் பெயர். ராசிபுரத்துக்குக் கீழே விரலை வைத்தாள். 'பூபதி, நெய்க்கடை.'

முப்பது வருஷத்து மச்சான் ஒரே நிமிஷத்தில் பங்காளியாகிவிட்டான்.

"அப்ப குமாரசாமி?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அவுங்க காடை கூட்டமுங்க. கூட்டம் கேக்காமயா ஜாதகம் வாங்குவேன்? நீங்க எது வரைக்கும் போறீங்கன்னு பாத்தேன்."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "புள்ள அவ்வளவு தூரம் போயிருமே கமலா." கண் கலங்கிவிட்டது.

அவள் அழைப்பிதழை மடித்து வைத்தாள்.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? போன வாரம் அவுங்களே கேட்டாங்க, நாமக்கல்லுல கடை தொறக்கறோம், புள்ளைங்கள அங்கயே குடி வெக்கலாமான்னு. உங்க மனசு தெரியாம, வேண்டாம், குமாரபாளையத்துல உங்ககூடவே இருக்கட்டும்னு அவுங்ககிட்ட சொல்லிட்டேன். இப்ப அங்க வீட்டு மேல புள்ளைங்களுக்கு மாடி எழுப்ப ஆரம்பிச்சுட்டாங்களே!"

நாமக்கல் அரை மணி நேரம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருந்தால் போதும். வைத்திருந்த ஒரே வாயைப் பொய்க்குச் செலவழித்துவிட்டேன்.

"வருத்தப்படாதீங்க," என்றாள் கமலவேணி. "தீபிகாவுக்குக் கூடப் பொறந்தவன் இல்லைங்கற கொறையாவது தீந்துது."

வைகாசியில் முகூர்த்தம். நான் மருமகனாக்க நினைத்த அறிவழகன்தான், பெண்ணுக்கு அண்ணனாக நின்று, குமாரபாளையத்து மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மண்டபத்துக்குள் கூட்டி வருகிறான்.