தானாக இழுக்கும் வண்டியும் மயில்சாமி வீட்டுத் தடமும்

மல்லசமுத்திரம்,
ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஆனந்தகுமார் அவர்களுக்கு, மாமனார் சின்னண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை வசந்தாமணியும் பண்ணையில் உள்ள கோழிகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே சத்தீஸ்கரில் நீங்களும் மகள் மதுமதியும் உங்கள் போர்வெல் ரிக் வண்டியும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். போடுகிற போரில் எல்லாம் தண்ணீர் பீறிட்டு வரட்டும். போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் போனை எடுத்தால் உங்கள் அத்தை கையை நீட்டி வாங்கிக்கொள்கிறாள். அவள் அசந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டால் நீங்கள் இருக்கும் காட்டில் சிக்னல் இல்லை. நான் சொல்ல வேண்டியதோ, குறுக்கே யாரும் பேசாமல் சொல்ல வேண்டிய விஷயம்.

நீங்கள் விட்டுப்போன பிக்கப் வண்டியைப் பற்றித்தான். ரிக்கோடு வடக்கே கிளம்பும்போது, "மாமா, சும்மா நிறுத்துனா பேட்டரி எறங்கிருமுங்க, அப்பப்ப எடுத்து ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தீர்கள். நாமக்கல்லில் பாடி கட்டிய லாரியில் உட்கார்ந்தே பாதி இந்தியாவைப் பார்த்தவன் நான், ஒரு பிக்கப்புக்கா பயப்படப் போகிறேன் என்று வாங்கி வைத்தேன். முதல் நாளே முட்டை ஏற்றிக்கொண்டு திருச்செங்கோடு கிளம்பினேன். வண்டிக்குக் கிளட்ச் கிடையாது, கியரும் தானே மாறும் என்று நீங்கள் சொன்னது என் மூளைக்குத் தெரியும், இடது காலுக்குத் தெரியாது. அது பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதிக்க, வண்டி நட்டுக்குத்தாக நின்று, பின்னால் அடுக்கியிருந்த முட்டை அட்டைகள் அத்தனையும் முன்னால் சரிந்து, கடைக்குப் போகும் முன்பே பாதிச் சரக்கு ஆம்லெட்டுக்குத் தயாராகிவிட்டது. சரி, இடது காலை மடக்கிச் சீட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு ஓட்டினேன். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறதே, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் இரண்டை ஏன் சும்மா விடுவது என்று அதை நாலையும் பூட்டிப் போடும் ஃபோர் ஹெச்சில் வைத்தேன். நேராகப் போகும்வரை ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் வண்டி முக்கி முனகி, தத்தித் தத்திப் போய் நின்றுவிட்டது. அச்சு முறிந்துவிட்டது என்று நினைத்துத் தரையில் படுத்துப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து பஸ் ஸ்டாண்டே குனிந்து பார்த்தது.

அன்று சாயங்காலம் மதுமதி போனில் விளக்கம் சொன்னாள். "அப்பா, காஞ்ச ரோட்டுல அப்பிடிப் பூட்டிப் போடக்கூடாது, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். திருகை ஆட்டோவுல வெச்சுட்டு உட்டுருங்க. பின் சக்கரம் வழுக்குனா மட்டும் முன் சக்கரம் தானா சேர்ந்துக்கும்."

"எப்பச் சேரோணும்னு அதுக்கு யாரு கண்ணு சொல்லுவா?" என்றேன்.

"யாரும் சொல்ல வேண்டாமுங்கப்பா."

மாப்பிள்ளை, அந்தப் பதிலை நான் நிரம்ப நாள் யோசித்தேன். லாரி ஓட்டிய காலத்தில் அதற்கு எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். எங்கே மூச்சுப் பிடிக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் கைக்கும் காலுக்கும் தெரியும், லாரி கேட்டுக்கொள்ளும். உங்கள் வண்டியோ என்னைக் கேட்காமல் தரையைக் கேட்கிறது. ஆட்டோவில் வைத்து ஓட்டினால் சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இருந்தாலும் மகள் சொன்னாள் என்று அதிலேயே வைத்திருந்தேன்.

இப்போது மயில்சாமி விஷயத்துக்கு வருகிறேன். நமக்குக் கிழக்கே பள்ளத்துக் காட்டில் குடியிருப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் தெரியும். காரணம் ஈ. அவர் சோற்றுத் தட்டில் உட்காரும் ஈ எல்லாம் என் கோழிப்பண்ணையில் பிறந்தது என்று மனுக் கொடுத்தார். ஈக்கு ஊர் பேர் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு கல்யாணம் காட்சியில் எதிரில் வந்தாலும் அவர் வானத்தைப் பார்ப்பார், நான் செருப்பைப் பார்ப்பேன்.

போன வாரம் ஏரி நிரம்பி வழிந்து, மழை விடாமல் ஊற்றிய மத்தியானம் உங்கள் அத்தை போனை வைத்துவிட்டு எழுந்தாள். "ஏனுங்க, வண்டியை எடுங்க. பாப்பாயி மாட்டுக் கட்டுத்தரையில வழுக்கி உழுந்துட்டாளாம். இடுப்பை அசைக்க முடியலையாம். ஆம்புலன்ஸ் தார் ரோட்டுலயே நிக்குதாம், தடத்துல எறங்குனா மாட்டிக்கும்னு சொல்றாங்களாம்." பாப்பாயி என்பது மயில்சாமியின் மனைவி. "உனக்கு யாரு சொன்னா?" என்றேன். "அவதான் கூப்புட்டா." "அவ நம்பர் உனக்கு எப்பிடித் தெரியும்?" "தினமும் பேசறவளுக்கு நம்பர் தெரியாமயா இருக்கும்?" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை எடுக்கப் போய்விட்டாள். ஆம்பளைகள் நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றிய சண்டையில் வீட்டுப் பெண்கள் சேரவே இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தார் ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போகும் தடத்தை நீங்கள் பார்த்ததில்லை. காய்ந்தால் கல், நனைந்தால் களி. பாதியில் ஒரு வளைவு, வளைவை ஒட்டிக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. கிணறு அன்றைக்கு விளிம்புவரை நிரம்பி, தடம் எது தண்ணீர் எது என்று தெரியாமல் கிடந்தது. திருகு ஆட்டோவில் இருந்தது. மெதுவாக இறங்கினேன். வளைவில் பின் சக்கரம் பிடி விட்டுச் சுழன்றது. வண்டியின் வால் கிணற்றுப் பக்கமாகச் சாய்ந்து போவது முதுகில் தெரிந்தது. என் இடது கால் மறுபடி கிளட்சைத் தேடியது. கை திருகுக்குப் போனது. உங்கள் அத்தை என் கை மேல் கை வைத்து, "அதை ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள். நான் ஒன்றும் பண்ணவில்லை. ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான். முன்னால் யாரோ வடம் பிடித்து இழுத்தது மாதிரி வண்டி நிமிர்ந்து, கிணற்றை விட்டு விலகி, களியை மிதித்துக்கொண்டு நடந்தது. எதிரில் இருக்கும் மீட்டரில் நாலு சக்கரப் படம் ஒன்று எரிந்து அணைந்தது. அவ்வளவுதான். நான் சொல்லி நடந்தது அதில் ஒன்றுமே இல்லை.

மயில்சாமி வாசலில் கட்டிலில் கிடந்த பாப்பாயிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் மழையில் நனைந்தபடி நின்றார். என்னைப் பார்த்து வானத்தைப் பார்க்கவில்லை. "திருப்பி நிறுத்துங்க, கட்டிலோட ஏத்திரலாமுங்க" என்றார். நாலைந்து வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கட்டிலோடு தூக்கிப் பின்னால் வைத்து, மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாப்பாயி வலியில் கத்துவாள் என்று பயந்துகொண்டே ஓட்டினேன். அவள் கத்தத்தான் செய்தாள், ஆனால் புருஷனைப் பார்த்து. "ஈ வருதுன்னு மனு எழுதுனீங்களே, இப்ப யாரு வண்டியில போறீங்கன்னு பாத்துக்குங்க." மயில்சாமி தார்ப்பாயை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். தார் ரோட்டில் ஆம்புலன்சுக்கு மாற்றி ஏற்றிவிட்டோம். நாமக்கல்லில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இனி நடப்பாளாம்.

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். மயில்சாமி டீக்கடையில் உட்கார்ந்து, "அந்த வளைவுல வேற எவன் ஓட்டியிருந்தாலும் வண்டி கெணத்துக்குள்ளதான். சின்னண்ணன் கை அது" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார். கேட்கிறவர்கள் என் கையைப் பார்க்கிறார்கள். நான் கையை வேட்டிக்குள் மறைக்கிறேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் என் இடது கால் பிரேக்கை மிதித்து, கை திருகைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பொறுக்காமல் உங்கள் அத்தையிடம் சொன்னேன். "நான் ஒண்ணுமே பண்ணலையே, வண்டி தானாத்தான இழுத்துச்சு."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "தானா இழுத்துச்சு, சரிங்க. தானாவா அவிய ஊட்டுக்குப் போச்சு?" என்றாள்.

எழுந்து பண்ணைப் பக்கம் போனேன். கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டே யோசித்தேன். எல்லாம் தானாக நடக்கும் வண்டியிலும் போகலாமா வேண்டாமா என்பதை மட்டும் ஆள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தவரையில் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தால் அதுவும் நானில்லை. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டவள் அவள்தான்.

ஆகவே மாப்பிள்ளை, மரியாதையோடு கேட்டுக்கொள்வது, பொங்கலுக்கு வரும்போது இந்த வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. குறை இல்லாததுதான் எனக்குக் குறை. கிளட்ச் வைத்த பழைய பிக்கப் ஒன்று எடப்பாடியில் விலைக்கு இருக்கிறது. அதில் நான் சொன்னால் சொன்னதுதான் நடக்கும், தப்பாகச் சொன்னால் தப்பு என்னுடையது என்று நிம்மதியாக ஓட்டுவேன்.

மதுமதியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். ரிக்கில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
சின்னண்ணன்.

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். பொங்கலுக்கு நீங்கள் மட்டும் வந்தால் போதும், வண்டியை எடுக்க வர வேண்டாம். உங்கள் அத்தை எனக்குத் தெரியாமல் வண்டி பழக எல்.எல்.ஆர். போட்டு வாங்கிவிட்டாள். இன்று காலை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பள்ளிக்கூட கிரவுண்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். ஓட்டம் நன்றாகவே இருக்கிறது. நான் நாலு வார்த்தை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் வண்டியை நிறுத்தி, "செத்த எறங்கிக்குங்க, நீங்க பேசுனா எனக்குக் கை நடுங்குது" என்றாள். இறங்கினேன். வேப்ப மரத்தடியில் நின்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டி கிரவுண்டு கேட்டைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறிவிட்டது. எங்கே போகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை.