டிராயிங் சாரின் அட்டெண்டன்ஸ்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் டிராயிங் சாரைப் போல ஓர் இம்சை கிடைக்காது. அவருக்கென்று சொந்தமாகப் பெயர் இருக்கும். ஹெச்.எம்.முக்கே அது ஞாபகமில்லை.

நான் அதே அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்பின் விளையாட்டு, டிராயிங் பீரியடுகளைப் பிடுங்கிக் கணக்கு நடத்துவது எங்கள் குலத்தொழில். விளையாட்டு சார் சந்தோஷமாக டீ குடிக்கப் போய்விடுவார். இவர் மட்டும் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்.

"இன்னா சார், பப்ளிக் எக்ஸாம்ல மாம்பழம் வரையச் சொல்றாங்களா?" என்பேன்.

"புள்ளைங்க வந்தாத்தான சார் எக்ஸாமே?"

அவர் வகுப்பில் 'உள்ளேன் ஐயா' கிடையாது. ஒவ்வொருவரும் அன்றைய தன் முகத்தை ஒரு நோட்டில் வரைய வேண்டும். அதுதான் அட்டெண்டன்ஸ்!

அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது ஒருவழியாகப் பீரியடைப் பிடுங்கினேன். முக நோட்டை மட்டும் நிறுத்தக்கூடாது என்றார். திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு பெண் நாலு நாளாக வாயே இல்லாத முகம் வரைந்திருந்தாள். 'விடை முழுமையாக இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி, பாதி மார்க் போட்டேன்.

சாயங்காலம் நோட்டைப் பார்த்தவர் பைக்கை எடுத்தார். "ஜல்தி ஏறுங்க சார்!"

கண்டாச்சிபுரம் தாண்டி அவள் வீடு. அரையாண்டு முடிந்ததும் குடும்பமே வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போகிறதாம். அவளும் போக வேண்டும். அதோடு படிப்புக்கு முழுக்கு.

சார் வாதாடவே இல்லை. "அண்ணே, உங்க மொகத்த வரையணும். அசையாம குந்துங்க" என்று அவள் அப்பாவை உட்கார வைத்தார். ஒன்றரை மணி நேரம் வரைந்துகொண்டே ஹாஸ்டல், பரீட்சை, பாலிடெக்னிக் என்று பேசித் தீர்த்தார். அப்பா வாயைத் திறந்தால், "பேசாதீங்கண்ணே, உதடு கோணிக்கும்!"

கடைசியில் அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இவ்ளோ கோவமாவா சார் இருக்கறேன்?"

"கோவம் இல்லண்ணே. கவலப்பட்டுக்கினு இருக்கீங்க."

அவர் படத்தை மகளிடம் நீட்டினார். பிறகு, "சரி சார், ஆஸ்டல்ல சேர்த்துவுடுங்க. எழுதட்டும்" என்றார்.

எழுதினாள், பாஸானாள். பள்ளிக்கு முழுத் தேர்ச்சி. பாராட்டு விழாவில் பொன்னாடையைக் கணக்கு வாத்தியாருக்குத்தான் போர்த்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன். கடைசி வரிசையில் எழுந்து நின்று விசிலடித்தவர் டிராயிங் சார்.

இந்த வருஷம் என் கணக்குப் பீரியடை அவர் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார். பெரிய தொல்லை. ஆனால் அவர் லீவு போட்டுவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடமே பிடிப்பதில்லை.