கரைப்பார்

இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகும் ஜீவராசிக்குக் கரைப்பார் என்று பெயர். "கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்" என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்களே, அவர்களில் ஒருவராவது இவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்திருக்க வேண்டும். கல் ஏன் கரைந்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நான் சொல்கிறேன். "போதும் சாமி, ஆளை விடு" என்றுதான் கரைந்தது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்து குடை கேட்பார். நீங்களும் எழுந்துபோய்க் குடையை எடுத்து நீட்டுவீர்கள். வாங்கமாட்டார். உங்களை மறுபடி உட்காரவைத்து, சின்ன வயதில் மழையில் நனைந்து காய்ச்சலில் கிடந்தபோது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து விழித்திருந்த கதையைச் சொல்லி உங்கள் கண்ணை நனைப்பார், பிறகு, இரவல் வாங்கிய எதையும் தான் திருப்பித் தராமல் இருந்ததில்லை என்பதற்குத் தெருவில் பாதிப் பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார், அதற்கும் பிறகு விரலை மடக்கி, "இப்ப பாருங்க. ஒண்ணு, நீங்க உள்ள இருக்கீங்க. ரெண்டு, நான் வெளிய போகணும். அப்ப குடை யார் கையில இருக்கணும்?" என்று கேட்பார். அதற்குள் மழை நின்றுவிடும்.

நெஞ்சைத் தொடுவது, தன் நாணயத்தைக் காட்டி நம்பவைப்பது, கணக்குப் போட்டு நிரூபிப்பது. மூன்றும் நல்ல மருந்துகள்தான், யார் இல்லையென்றார்கள்? மருத்துவர் நோயைப் பார்த்து ஒன்றைத் தருவார். நம்மவர் மூன்றையும் ஒரே டம்ளரில் கலக்கி, குணமானவன் வாயிலும் ஊற்றுவார். முடி வெட்டிக்கொள்ளப் புதிதாக ஒரு கடைக்குப் போனபோதுகூட, "என்னைப் பத்தி உங்களுக்கே தெரியும்" என்று ஆரம்பித்திருக்கிறார். "இல்ல சார், தெரியாது" என்றார் முடிதிருத்துபவர். தெரிந்துகொண்டு அவர் கத்தரிக்கோலை எடுப்பதற்குள் வரிசையில் இருந்தவர்கள் வேறு கடை தேடிப் போய்விட்டார்கள்.

எங்கள் கட்டடத்துக் கரைப்பார் நாலாவது மாடியில் இருந்தார். நான் அவருக்குக் கீழே, மூன்றாவதில். லிஃப்ட் கிடையாது. அவர் மனைவிக்கு முழங்கால் தேய்ந்துபோய், மாடிப்படியே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே என்று அந்த அம்மாள் கடைக்கும் போவதில்லை, பின்தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்கும் போவதில்லை. ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும். கடைசியில், தரைத்தளத்தில் குடியிருக்கும் நர்ஸோடு வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. அவர், "தாராளமா மாத்திக்கோங்க" என்று சொல்லி உடனே போனை வைத்துவிட்டார். அனுபவசாலி.

கரைப்பார் வாரம் முழுவதும் குளியலறையில் ஒத்திகை பார்த்தார். தண்ணீர்க் குழாய் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. விம்மல் வரும் இடத்தை மட்டும் நாலைந்து விதமாகச் செய்து பார்த்தார். பிறகு, தன் நாணயத்துக்குச் சாட்சியாக என்னையும் இழுத்துக்கொண்டு கீழே போனார். நர்ஸ் கதவைத் திறந்தாள். விஷயத்தை ஒரு வரியில் சொன்னதுதான் தாமதம், அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மாத்திக்கலாம் அங்கிள்! எனக்கு நைட் டியூட்டி. பகல்லதான் தூங்கணும். இங்க என்னடான்னா ஜன்னலுக்கு நேராவே எல்லாரும் வண்டியை ஸ்டார்ட் பண்றாங்க. எப்ப மாத்தலாம்?"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் படியில் பாதி தூரம் ஏறிவிட்டேன், மூட்டை கட்ட. திரும்பிப் பார்த்தால் நம்மவர் அங்கேயே நிற்கிறார். முகம் தொங்கிவிட்டது. மேடை ஏறியவனிடம் மைக்கைப் பிடுங்கியதுபோல் ஆகிவிட்டது பாவம்.

"அவசரப்படாதீங்கம்மா. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க."

"அதான் சரின்னு சொல்லிட்டேனே அங்கிள்."

"காரணம் தெரியாம சொல்ற சரி நிக்காதும்மா."

ஆரம்பித்தார். மனைவி ஒவ்வொரு படியிலும் கையை ஊன்றி ஏறுவதைச் சொன்னார். குழாயில் கேட்டதில் இரண்டாவது விம்மலைத் தேர்ந்தெடுத்திருந்தார், நன்றாகவே வந்தது. நர்ஸின் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? அடுத்து நாணயம். "நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லம்மா. என் வீட்டுக்கு மேல மொட்டை மாடி. மத்தியானம் முன்ரூம்ல ஈரத்துணியைக் கட்டில்ல போட்டாலே காஞ்சிடும், அவ்வளவு சூடு. யாராவது இதையெல்லாம் சொல்லுவாங்களா? நான் சொல்வேன். சார், நான் எதையாவது மறைப்பேனா?"

"மறைக்கவே மாட்டார்" என்றேன். வேறென்ன சொல்வது?

கடைசியாக விரல் மடங்கியது. "ராத்திரி பூரா நின்னுட்டு வர்றீங்க. காலையில நாலு மாடி ஏறணும். முழங்கால் என்னத்துக்கு ஆகும்? இன்னிக்கு என் வீட்டம்மாவுக்கு வந்தது நாளைக்கு உங்களுக்கும் வரும். அப்ப கீழ்வீடுங்கிறது ஒரு மனுஷிக்கு எவ்வளவு பெரிய வரம்! நிரூபிச்சுட்டேனா?"

"நிரூபிச்சுட்டீங்க அங்கிள்" என்றாள் அவள், தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே. "யோசிச்சு சொல்றேன்." கதவு சாத்திக்கொண்டது.

படியேறும்போது நம்மவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "கவனிச்சீங்களா சார்? முதல்ல யோசிக்காமலேயே சரின்னாங்க. இப்ப யோசிக்கவே ஆரம்பிச்சுட்டாங்க!"

மேலே அவர் மனைவி வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். "என்னங்க ஆச்சு?"

"முக்கால்வாசி முடிஞ்ச மாதிரிதான்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "முழுசா இருந்ததைத்தானே முக்காலாக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், கரைப்பாரைக் கரைக்க ஏதாவது திராவகம் கிடைக்குமா என்று தேடியிருப்பேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, அந்த அம்மாளே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். டியூட்டி முடிந்து திரும்பிய நர்ஸ் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்னதாம்மா வேணும்?" என்று அம்மாள் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

"தூக்கம் ஆன்ட்டி."

"பின்ரூம்ல வெயில் வராது. நான் மத்தியானம் அங்கதான் படுப்பேன். நீ வந்து படுத்துப் பாரு. பிடிக்கலன்னா விட்டுடு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார்கள். மீதியை அந்த அம்மாள்தான் பிறகு எனக்குச் சொன்னார். நர்ஸ் பின்னறையில் படுத்தாள். படுத்தவள் சாயங்காலம்வரை அசையவில்லை. அத்தனை நேரமும் நம் கரைப்பார் முன்னறைச் சூட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கும்போதெல்லாம் மனைவியின் விரல் உதட்டுக்குப் போனது. மனிதருக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்! எழுந்து வந்த நர்ஸ் சோம்பல் முறித்தபடி, "மாத்திக்கலாம் ஆன்ட்டி" என்றாள். "ஆனா ஒரு கண்டிஷன். அங்கிள் மறுபடி வந்து பேசக் கூடாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு மாறினார்கள். பீரோவின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்றுவிட்டார். "சார், நான் போட்ட அஸ்திவாரம்தானே இது?" என்று கிசுகிசுத்தார். தோள்பட்டை கழன்றுவிடும்போலிருந்தது. "ஆமா, ஆமா, நீங்க போட்டதுதான்" என்றேன். "சும்மா ஆமான்னு சொல்லிடாதீங்க. எப்படின்னு சொல்றேன், கேளுங்க." பீரோ என் தோளிலேயே இருந்தது. கீழே அந்த அம்மாள் புது வீட்டைக்கூடப் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு பின்தெருவுக்குத் தங்கையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது, மைத்துனரோ மேலதிகாரியோ. இதை அவருக்குப் படித்துக்காட்டி, "இது சாட்சாத் நீங்கதான்" என்று ஒப்புக்கொள்ளவைத்தால் என்ன என்று தோன்றுகிறதா? முதலில் பழைய பாசத்தை நினைவூட்டி அவரைக் கொஞ்சம் இளக்கி, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், என்னைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே" என்று நடுவில் ஒரு வார்த்தை போட்டு, பிறகு ஒவ்வொரு சம்பவமாக விரல் மடக்கி... ஒத்திகை ஓட ஆரம்பித்துவிட்டது பார்த்தீர்களா? ஓடட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் வாயைத் திறந்த உடனேயே அவர், "ஆமாங்க, அது நான்தான்" என்று சொல்லிவிட்டால், மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிடுவீர்களா?