நாற்காலி எடுத்து வரச் சொன்னது நான்தான்

ஈப்போ

மதிப்பிற்குரிய கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர் அஸ்ஃபியா அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். புதிய பொறுப்பில் தாங்கள் நல்ல உடல்நலத்தோடும், எங்கள் மேல் அதிகக் கோபமில்லாமலும் இருக்க இறைவனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் பத்துமலை, முன்னாள் தோட்டக் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். பெயர் ஞாபகத்தில் இல்லையென்றால், போன திங்கட்கிழமை தங்களை நாற்காலி எடுத்து வரச் சொன்ன ஆள் என்றால் உடனே தெரிந்துவிடும்.

நடந்தது இதுதான். நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்று, அங்கே வீடுகள் கட்டியபோது எங்கள் திடலும் போய்விட்டது. ஆறு வருடமாக எங்கள் பதினேழு பெண் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் உங்கள் கல்லூரித் திடலில்தான் காற்பந்து பழகுகிறார்கள். பழைய இயக்குநர் வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதி. அவர் ஓய்வு பெற்றதும், வருகிறவர் கேட்டைப் பூட்டிவிடுவாரோ என்று பயந்து அவசரக் கூட்டம் போட்டோம். தீர்மானம் ஒன்றே ஒன்று, முதல் நாளே மாலை போட்டு வரவேற்பது. வருகிறவர் யார், பேர் என்ன என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வேனில் வந்து இறங்கினால், திடல் ஓரத்தில் டை கட்டிய சீனர் ஒருவர் பெட்டியோடு நின்றார். எங்கள் தலைவர் ராமையா அண்ணன் மாலையோடு பாய்ந்துவிட்டார். அந்த மனிதரும் சந்தோஷமாகக் கழுத்தைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து, முக்காட்டுக்கு மேல் தொப்பியும் கையெல்லாம் சுண்ணாம்புமாகத் தாங்கள் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, கோடு இன்னும் காயல" என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? "அது கெடக்கட்டும் தங்கச்சி, டைரக்டரே நிக்கிறாரு பாரு, ஓடிப்போயி நாலு நாற்காலி எடுத்துட்டு வா." தாங்களும் போய் இரண்டு நடையாகக் கொண்டுவந்து போட்டீர்கள்.

அதோடு விட்டேனா? விடலையே. உட்கார்ந்துகொண்டு, இயக்குநர் எப்படி இருக்க வேண்டும் என்று தங்களுக்கே பாடம் எடுத்தேன். "டைரக்டருன்னா வெயில்ல எறங்கக் கூடாது லா. ஆள வச்சு வேல வாங்கணும். பாத்தாலே ஒரு பயம் வரணும்." தாங்கள், "சரிண்ணே, அப்புறம்?" என்று கேட்டீர்கள். கேட்டதால் கால் மணி நேரம் சொன்னேன். மாலை போட்டுக்கொண்டவர் பெட்டியைத் திறந்து, ஜெர்சிகளை எடுத்துத் தங்களிடம் நீட்டி, "புவான் டைரக்டர், எந்தக் கலர்?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டபோதுதான், அவர் ஜெர்சி விற்க வந்தவர், டைரக்டர் தாங்கள் என்ற விஷயம் புரிந்தது. ராமையா அண்ணன் நேராகப் போய் வேனுக்குள் ஏறிக்கொண்டார்.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். எங்கள் தாத்தா, அப்பா எல்லாரும் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் எடுத்தவர்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கையில் அழுக்கை அவர்கள் பார்த்ததில்லை, அதனால் அதிகாரியும் வேலை செய்வார் என்று எங்களுக்குத் தோன்றுவதில்லை. ஆனால் தமிழ் பேசும் ஒரு பெண்ணைச் சுண்ணாம்புக் கையோடு பார்த்ததும், ஏவினால் ஓடுகிறவள் என்று முடிவு கட்டினேனே, அதற்குத் துரையைக் குற்றம் சொல்ல முடியாது. அது என் புத்தி. எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது அம்மா.

என் தவற்றுக்காகப் பிள்ளைகளைத் தண்டித்துவிடாதீர்கள். அடுத்த மாதம் கமுந்திங்கில் போட்டி. திடல் இல்லையென்றால் அவர்களுக்கு அடுக்குமாடிக் கார் நிறுத்தும் இடம்தான். ஆறு வருடமாக நான் வியர்வை சிந்தி வளர்த்த குழு இது. சனிக்கிழமை இரண்டு மணி நேரம், அது போதும்.

தங்கள் காலத்தில் கல்லூரிக்குக் கோப்பைகள் குவியட்டும். தங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
பத்துமலை
செயலாளர், தலைமைப் பயிற்சியாளர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி புஷ்பலதா கடிதத்தை வாங்கிப் படித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். கையெழுத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதுல கோச்சுன்னு போட்டிருக்கே, அது யாரு?" என்று கேட்டாள். ஆறு வருடமாக விசில் ஊதி, பிள்ளைகளோடு ஓடி, சேறும் சகதியுமாக வீட்டுக்கு வருவது அவள். நான் வேனில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். திங்கட்கிழமை அவளையும் அழைத்து வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதில் எழுதுவதானால் தயவுசெய்து அவள் பெயருக்கு எழுதுங்கள்.